மஞ்சுளா மறைத்த தாள்

சேரப்பணஞ்சேரியில் மஞ்சுளாவிடம் எதையும் சுலபமாக விற்றுவிட முடியாது. கேஸ் சிலிண்டர் வந்தால், கொண்டுவந்தவர் கிளம்புவதற்குள் சோப்புத் தண்ணீர் விட்டுக் கொப்புளம் வருகிறதா என்று பார்ப்பாள். பால் பாக்கெட்டின் தேதியைக் கடைக்காரர் சொன்னால் போதாது, வெளிச்சத்தில் பிடித்து அவளே படிக்க வேண்டும். மாமனார் இறந்த அன்று நாடி பிடித்துவிட்டுத் தலையாட்டிய டாக்டரிடம், "இன்னொரு கையையும் பாத்துடுங்க சார்" என்றவள் அவள். சொந்தக்காரர்கள் இன்றுவரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரித்தால் சிரிக்கட்டும், பார்க்காமல் நம்புகிறவர்கள்தான் வெட்கப்பட வேண்டும் என்பது அவள் கட்சி.

அவள் கணவர் பாண்டுரங்கன் இதற்கு நேர் எதிர். படப்பை, ஒரகடம், வாலாஜாபாத் என்று அந்த ரோட்டிலேயே பதினெட்டு வருஷமாகக் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். யார் எதைச் சொன்னாலும் "அப்டியா" என்று கேட்டுக்கொள்வார், அதோடு சரி. மனைவி சொன்னால் அந்த "அப்டியா"கூடக் கிடையாது, அப்படியே நம்பிவிடுவார். வீட்டில் ஒருத்தர் சந்தேகப்பட்டால் போதாதா, இரண்டு பேரும் எதற்கு என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

வேலை அவளை இப்படி ஆக்கியதா, இப்படி இருந்ததால் அந்த வேலை அவளுக்கு அமைந்ததா என்று சொல்வது கஷ்டம். ஒரகடத்தில் லாரிகளின் முன் சக்கரங்களைத் தாங்கும் இரும்பு அச்சு செய்யும் ஒரு கம்பெனியில் பதினாறு வருஷமாக அல்ட்ராசவுண்ட் சோதனை பார்க்கிறாள். அச்சின்மேல் ஜெல்லைத் தடவி, தீப்பெட்டி அளவுள்ள ஒரு கருவியை மெல்ல நகர்த்த வேண்டும். காதுக்குக் கேட்காத ஒலி இரும்புக்குள் போய் அடியில் மோதித் திரும்பும். உள்ளே விரிசல் இருந்தால் பாதி வழியிலேயே திரும்பிவிடும், திரையில் ஒரு கோடு எழும்பும். வெளியே பளபளவென்று இருக்கிற அச்சு உள்ளே எப்படி இருக்கிறது என்று வெட்டிப் பார்க்காமலே சொல்லிவிடலாம். லைனில் சின்னவர்கள் எல்லோருக்கும் அவள் ஸ்கேன் அக்கா.

அந்த செக்ஷனில் இரண்டு வழக்கங்கள் உண்டு. சூப்பர்வைசர் யாக்கோபு எப்போதாவது, விரிசல் உள்ள ஒரு அச்சை நல்ல அச்சுகளுக்கு நடுவில் யாருக்கும் தெரியாமல் கலந்துவிடுவார். பார்க்கிறவர் விழித்துக்கொண்டு பார்க்கிறாரா என்று தெரிந்துகொள்ளத்தான். அதற்கு டம்மி பீஸ் என்று பெயர். மஞ்சுளா இதுவரை ஒரு டம்மி பீஸைக்கூடத் தவறவிட்டதில்லை. இன்னொரு வழக்கம், ஒருவர் பார்த்த அச்சை மற்றொருவர் மறுபடி பார்க்கும்போது முதல் ஆளின் ரிப்போர்ட்டைக் கண்ணில் காட்ட மாட்டார்கள். 'இங்கே விரிசல்' என்று முதல் ஆள் எழுதியிருந்தால் இரண்டாவது ஆளின் கண்ணுக்கும் அங்கேதான் விரிசல் தெரியும். அவர் விட்டதை இவரும் விடுவார். மனுஷக் கண்ணின் லட்சணம் அப்படி. எதையும் நம்பாத மஞ்சுளா இந்த இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள்.

போன ஆடி மாதம் பாண்டுரங்கனுக்கு இட்லி நெஞ்சில் நிற்க ஆரம்பித்தது. தண்ணீர் குடித்து இறக்கினார். ஆவணியில் தண்ணீர் குடித்தாலும் இறங்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துச் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்தார்கள். உணவுக்குழாயின் கீழ்ப்பாகத்தில் புற்றுநோய் என்று வந்தது. மஞ்சுளா அந்தச் சதையை இன்னொரு லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, முதல் ரிப்போர்ட்டைக் காட்டாமல் பார்க்கச் சொன்னாள். அங்கேயும் அதேதான் வந்தது. அன்றைக்கு அவள் பாத்ரூம் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். எத்தனை தடவை மறுபடி பார்த்தாலும் மாறாத ஒன்று தன் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

அடுத்து சி.டி. ஸ்கேன். வாலாஜாபாத் ரோட்டில் இருந்த ஒரு ஸ்கேன் சென்டரில் எடுத்தார்கள். அரை மணி நேரத்தில் படங்களும் இரண்டு தாள்களும் கைக்கு வந்தன, நெஞ்சுக்கு ஒரு தாள், வயிற்றுக்கு ஒரு தாள். அரை மணியில் வந்ததே மஞ்சுளாவுக்குப் பிடிக்கவில்லை. அங்கேயே நின்று படித்தாள். பன்னிரண்டாவது வரை படித்தவள், ரிப்போர்ட் படிக்கிற அளவுக்கு இங்கிலீஷ் தெரியும். வயிற்றுத் தாளின் நடுவில் ஒரு வரி இருந்தது. கர்ப்பப்பை இயல்பான அளவில் உள்ளது, கோளாறு எதுவும் இல்லை.

பாண்டுரங்கன் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். மீசையும் தொப்பையுமாக இருந்த அவரையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள் மஞ்சுளா. கவுண்ட்டரில் இருந்த பெண், டைப்பிங் மிஸ்டேக் என்றும் பழைய ரிப்போர்ட்டின் மேலேயே அடிப்பதால் சில சமயம் இப்படி ஆகும் என்றும், மற்றதெல்லாம் சரிதான் என்றும் சொன்னாள். புதுசாக ஒரு பிரிண்ட் எடுத்துத் தருவதாகவும் சொன்னாள். மற்றதெல்லாம் சரி என்று உனக்கு எப்படித் தெரியும் என்று மஞ்சுளா கேட்டதற்கு அவள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். அதே தாளில், இரண்டு வரி தள்ளி, வயிற்றுக்குப் போகும் ரத்தக்குழாய் பிரிகிற இடத்தருகே பதினாலு மில்லிமீட்டரில் ஒரு நெறிக்கட்டி என்று எழுதியிருந்தது. நோய் பரவினால் அப்படித்தான் வீங்கும். அந்த நெறிக்கட்டி பாண்டுரங்கனுடையதா, முகம் தெரியாத அந்தக் கர்ப்பப்பைக்காரியுடையதா?

நியாயமான கேள்விதான். அதை யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடம் கேட்டிருக்கலாம். அங்கேதான் மஞ்சுளா தன் புத்தியைக் காட்டினாள்.

ஈ.எஸ்.ஐ. மூலமாகச் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே டாக்டர் பிரவீனா, நாற்பது வயதிருக்கும், அவசரமில்லாமல் பேசுகிறவர். மறுபடியும் ஒரு குழாய்ப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றார். ஏற்கனவே இரண்டு லேபில் பார்த்தாகிவிட்டது, மறுபடி குழாய் எதற்கு என்று மஞ்சுளா முகத்தைச் சுளித்தாள். கேஸை இழுத்தடிக்கிறார்கள் என்றே நினைத்தாள்.

இது வேறு என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். இந்தக் குழாயின் முனையில் ஒரு குட்டி அல்ட்ராசவுண்ட் கருவி இருக்கும். உள்ளே போய்ப் பார்ப்பதால் உணவுக்குழாயின் சுவர் அடுக்கடுக்காகத் தெரியும். கட்டி எத்தனை அடுக்கைத் தாண்டியிருக்கிறது, பக்கத்தில் நெறிக்கட்டிகள் இருக்கின்றனவா என்றெல்லாம் வெளியிலிருந்து எடுக்கிற படத்தைவிடத் துல்லியமாகச் சொல்லலாம். சந்தேகமான நெறிக்கட்டி இருந்தால் அங்கேயே ஊசி விட்டுத் துளி எடுத்துச் சோதிக்கலாம். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று இதை வைத்துத்தான் தெரியும். நேரே ஆபரேஷனா, அல்லது முதலில் மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்துச் சுருக்கிவிட்டு ஆபரேஷனா என்பதும் அதைப் பொறுத்ததுதான்.

அல்ட்ராசவுண்ட் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மஞ்சுளா நிமிர்ந்து உட்கார்ந்தாள். உள்ளே ஜெல் எப்படித் தடவுவீர்கள் என்று கேட்டாள். ஜெல் இல்லை, முனையில் சின்ன பலூன் இருக்கிறது, அதில் தண்ணீர் நிரப்பிச் சுவரோடு ஒட்டவைப்போம் என்றார் டாக்டர். காலையில் கருவி சரியாக இருக்கிறதா என்று எதில் வைத்துப் பார்க்கிறீர்கள், முனை எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறீர்கள் என்று அடுத்தடுத்துக் கேட்டாள். பிரவீனா எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அவள் வேலையைத் தெரிந்துகொண்டதும் இதுவரை இப்படி யாரும் கேட்டதில்லை என்று சிரித்தார். மஞ்சுளா சிரிக்கவில்லை. கேட்ட கேள்விக்குச் சிரிப்பைப் பதிலாகத் தருகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

டாக்டர் சி.டி. ரிப்போர்ட்டைக் கேட்டார். மஞ்சுளா நெஞ்சுத் தாளை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். வயிற்றுத் தாள் ஹேண்ட்பேக்கின் ஜிப் போட்ட அறையில் நாலாக மடித்து இருந்தது.

"வயித்துக்கு எடுக்கலையா?" என்றார் டாக்டர்.

"எடுத்தாங்க மேடம். எல்லாம் நல்லா கீதுன்னு போட்டுகீறாங்க. தாளும் படமும் வூட்ல கீது, அடுத்த தடவ எடுத்தாறேன்."

கொஞ்சமும் நாக்குத் தடுமாறாமல் சொன்னாள். நெறிக்கட்டி நிஜமாகவே இருந்தால் இந்தம்மா தானாகவே கண்டுபிடிக்கட்டும், இல்லாவிட்டால் அந்தத் தாள் குப்பை என்று ஆகட்டும். இதுதான் அவள் கணக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாண்டுரங்கனுக்கு எந்தத் தாள் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அவர் டாக்டரைப் பார்த்து நட்பாகத் தலையாட்டினார். வயிற்றில் ஒன்றும் இல்லை, மனைவி சொன்னது, தாள் பிறகு வரும் என்று டாக்டர் கேஸ் ஷீட்டில் குறித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் மயக்கம் கொடுத்துப் பரிசோதனை நடந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பிரவீனா வெளியே வந்தார். கட்டி சுவருக்குள்ளேயே நிற்கிறது, வெளியே தாண்டவில்லை, பார்த்த வரைக்கும் நெறிக்கட்டி எதுவும் இல்லை என்றார். ஆனால் வழி ரொம்பக் குறுகிப்போயிருப்பதால் குழாய் கட்டிக்குக் கீழே இறங்கவில்லை, அழுத்தித் தள்ளினால் கிழிந்துவிடும் ஆபத்து இருக்கிறது, வயிற்றுப் பக்கம் சி.டி.யில் சுத்தம் என்பதால் அதோடு நிறுத்திக்கொண்டேன் என்றும் சொன்னார். செவ்வாய்க்கிழமை படத்தையும் தாளையும் கொண்டுவந்தால் பார்த்துவிட்டு ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிடலாம் என்றார்.

இத்தனையில் மஞ்சுளா மனதில் தங்கியவை இரண்டுதான். வெளியே தாண்டவில்லை. நெறிக்கட்டி இல்லை. மறைத்து வைத்துச் சோதித்ததில் உண்மை வெளியே வந்துவிட்டது என்று அவளுக்கு ஒரே பெருமை. எவளோ ஒருத்தியின் நெறிக்கட்டியைத் தன் வீட்டுக்காரர் தலையில் கட்டப் பார்த்தார்கள் என்று பஸ்ஸில் வரும்போதே பல்லைக் கடித்தாள். கெட்ட செய்தி வந்தால் சல்லடை போட்டுச் சலிக்கிறவள், நல்ல செய்தியை அப்படியே வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள். டாக்டர் கையில் கொடுத்த ரிப்போர்ட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது. பாண்டுரங்கன் தன்னோடு பஸ் ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் போன் போட்டு, எடுத்துட்டா சரியாப் பூடுமாம் என்று சொன்னார். வடக்குப்பட்டிலிருந்து அவர் அக்கா பாப்பம்மாள் ஆட்டுக்கால் சூப் வைத்து, எலும்பில்லாமல் வடிகட்டி, தூக்குவாளியில் கொண்டுவந்தாள். அதை மெல்ல மெல்ல அவர் குடித்ததை மஞ்சுளா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு மாசத்துக்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை ஷிப்ட்டில் டீ நேரத்தில் யாக்கோபு வந்து விசாரித்தார். மஞ்சுளா ரிப்போர்ட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். கொஞ்சம் பெருமையாகத்தான் கொடுத்தாள், அதில் போட்டிருந்த படங்கள் தங்கள் வேலைக்குச் சொந்தமான படங்கள் மாதிரி இருந்தன. யாக்கோபு கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை வரி வரியாகப் படித்தார். அவருக்கு ரிப்போர்ட் படித்தே வயதாகிவிட்டது.

"மஞ்சுளாம்மா, கட்டிக்குக் கீழ பார்க்கலன்னு எழுதிகீறாங்களே" என்றார். "கீழ்ப்பக்கத்துக்கு வேற ரிப்போர்ட் இன்னா சொல்லுது?"

மஞ்சுளா ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தாள். குழாய் குறுகலைத் தாண்டவில்லை, அதற்குக் கீழே உள்ள பகுதி பரிசோதிக்கப்படவில்லை. தெளிவாக, மறைக்காமல், டாக்டர் சொன்ன மாதிரியே எழுதியிருந்தது. அவர்கள் வேலையில் 'விரிசல் இல்லை' என்பது வேறு, 'பார்க்கவில்லை' என்பது வேறு. கருவி போகாத வளைவு ஒன்று இருந்தால் அந்த அச்சை, நல்லது என்று தேறிய அச்சுகள் போகும் நல்ல வண்டியில் ஏற்ற மாட்டார்கள், தனியாக நிறுத்திவைப்பார்கள். பதினாறு வருஷமாக இதை எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்து வந்தவளே அவள்தான். சொந்த வீட்டு மனுஷனை மட்டும் யோசிக்காமல் நல்ல வண்டியில் ஏற்றிவிட்டாள்.

யாக்கோபுவிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டு பாத்ரூமுக்குப் போய் ஹேண்ட்பேக்கைத் திறந்து வயிற்றுத் தாளைப் பிரித்தாள். ரத்தக்குழாய் பிரிகிற இடம் என்றால் அது கட்டிக்குக் கீழே. டாக்டரின் குழாய் போகாத இடம். தாளில் இருந்தது பொய் என்று யாரும் நிரூபிக்கவில்லை, யாரும் அங்கே போய்ப் பார்க்கவே இல்லை. போகவிடாமல் தடுத்தது அவள் சொன்ன ஒரு வாக்கியம்.

அப்போது அவளுக்கு வந்த நினைப்பைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். அந்தத் தாளைக் கிழித்துத் தண்ணீரில் விட்டுவிடலாம் என்று நினைத்தாள். கர்ப்பப்பை என்று எழுதிய தாள்தானே, யார் கேட்கப்போகிறார்கள், படம் மழையில் நனைந்துவிட்டது என்று சொன்னால் ஆயிற்று. வீட்டில் சிரிக்கிற மனுஷனிடம் போய், இல்லை இல்லை இன்னும் இருக்கிறது என்று சொல்வது யார்? அதைவிட, நான்தான் மறைத்தேன் என்று சொல்வது யார்? அவளுக்கு நோயைவிட அந்தச் சொல்லைக் கண்டு பயமாக இருந்தது. தாளை மறுபடி மடித்து வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் அறையில், கணவர் பக்கத்தில் இருக்கும்போதே, தாளையும் படங்கள் இருந்த பெரிய கவரையும் மேஜைமேல் வைத்தாள். அவரிடம் முன்னாலேயே சொல்ல அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

"வயித்துல ஒண்ணும் இல்லன்னு நான் சொன்னது பொய் மேடம். இந்தத் தாள நான்தான் மறைச்சு வச்சேன்."

பிரவீனா படித்தார். கர்ப்பப்பை வரியில் அவருக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வரிகளுக்கு வந்ததும் அது போய்விட்டது. எழுந்து படங்களை விளக்குப் பலகையில் மாட்டினார், ஒவ்வொன்றிலும் பெயர், வயது, தேதி, நேரம் இருப்பதைப் பார்த்தார், ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டார். தாளில் டைப் அடித்தவர் தப்பு செய்திருக்கிறார், படம் இவருடையதுதான், நெறிக்கட்டியும் இவருடையதுதான் என்று விரலை வைத்துக் காட்டினார். அவரைக்கொட்டை அளவில், வெள்ளையாக ஒன்று தெரிந்தது. மஞ்சுளாவுக்கே தெரிந்தது.

எங்கள் கம்பெனியில் இப்படித்தான் செய்வோம், முன்னால் பார்த்தவர் எழுதியதை அடுத்தவருக்குக் காட்ட மாட்டோம் என்று அவள் தட்டுத் தடுமாறி ஆரம்பித்தாள். டாக்டர் குரலை உயர்த்தவில்லை.

"உங்க அச்சுக்கு வலிக்காதும்மா. எத்தனை தடவை வேணும்னாலும் மேல கீழ பாக்கலாம். கீழ ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா அங்க போக அன்னைக்கே வழி தேடியிருப்பேன். ஒண்ணும் இல்லாத இடத்துக்கு எதுக்கு ஒருத்தர் தொண்டையக் கிழிச்சுக்கிட்டுப் போகணும்?"

பாண்டுரங்கன் மனைவியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி மனைவியைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்துக் குறுகலைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துக்கொண்டு மறுபடி உள்ளே போகத் தேதி கொடுத்தார்கள். கிழிகிற ஆபத்து கொஞ்சம் உண்டு என்று எழுதிய சம்மதப் படிவத்தை நர்ஸ் வழக்கம்போல மஞ்சுளாவிடம் நீட்டினார். பாண்டுரங்கன் குறுக்கே கையை நீட்டி வாங்கிக்கொண்டார். கண்ணாடியைத் தேடி மாட்டி, ஒவ்வொரு வரியாக, உதடு அசைய, பத்து நிமிஷம் படித்தார். புரியாத இரண்டு இடத்தை நர்ஸிடம் கேட்டார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

கிழியவில்லை. ஊசியில் வந்த துளியில் புற்றுநோய் அணுக்கள் இருந்தன. ஆபரேஷன் தேதியை அழித்துவிட்டு, முதலில் மருந்தும் கதிர்வீச்சும், பிறகு பார்த்து ஆபரேஷன் என்று எழுதினார் பிரவீனா. குணமாக வாய்ப்பு இன்னும் இருக்கிறது, நேரே ஆபரேஷனுக்குப் போயிருந்தால் அது குறைந்திருக்கும் என்றார். சரியான நேரத்தில் தாளைக் கொண்டுவந்தீர்கள் என்று மஞ்சுளாவைப் பார்த்துச் சொன்னார். அவர் பெருந்தன்மையாகச் சொன்னது. அதைக் கேட்டு மஞ்சுளா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நின்றார்கள். நல்ல வெயில். பைல் பாண்டுரங்கன் கையில் இருந்தது. பையில் வைத்துக்கொள்கிறேன் என்று அவள் கையை நீட்டினாள். அவர் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, என்னிடமே இருக்கட்டும் என்றார். குரலில் கோபம் இல்லை. பேசிப் பேசி ஆற்றிவிடலாம் என்று அவள் நினைத்திருந்தாள், ஆனால் அவர் எதையும் பேச இடம் கொடுக்கவில்லை.

பஸ் வந்து நின்றது. மஞ்சுளா எட்டிப் பார்த்து, "இது படப்பை வழியா போவும், ஏறுய்யா" என்றாள்.

பதினெட்டு வருஷமாக அந்த ரோட்டில் பஸ் ஓட்டிய மனுஷன் ஏறவில்லை. படிக்கட்டில் நின்ற கண்டக்டரிடம், இது படப்பை வழியாகத்தானே போகிறது என்று கேட்டார். ஆமாம் என்று அவர் சொன்ன பிறகு ஏறினார்.